காலையில் மட்டும் கனத்த ஸ்டியரிங்

செங்கல்பட்டில் ஜிஎஸ்டி சாலையோரம் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், கார் ஒரு பக்கமாக இழுக்கிறது, எங்கே காட்டலாம் என்று. என் கடைக்குத்தான் கை காட்டுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். படாளத்துப் பக்கம் அடுத்தவர் கழனியில் கூலிக்கு நாற்று நட்ட வீட்டுப் பிள்ளை நான். ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. பஞ்சர் ஒட்ட ஆரம்பித்து, இன்று கேமரா வைத்த வீல் அலைன்மென்ட் மெஷின் இரண்டு நிற்கிற கடைக்கு முதலாளி. பெருமைப்பட எனக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். காரின் நான்கு சக்கரங்களிலும் நான்கு தட்டுகள் மாட்டுவோம். தட்டு முழுக்க வெள்ளை வட்டங்கள், புள்ளிக்கோலம் போல. எதிரே கம்பத்தில் உள்ள கேமரா அந்த வட்டங்களைப் பார்த்து, எந்தச் சக்கரம் எவ்வளவு கோணி நிற்கிறது என்று திரையில் காட்டும். தப்பென்றால் சிவப்பு, சரியென்றால் பச்சை. எழுத்தெல்லாம் இங்கிலீஷில் வரும். எனக்குச் சிவப்பும் பச்சையும் போதும்.

மெஷினைவிட என் கையை நம்புகிறவன் நான். வண்டியை ஓட்டிக்கொண்டே ஸ்டியரிங்கில் ஒரே ஒரு விரலை வைப்பேன். எந்த டயரில் காற்று குறைவு, சக்கரத்தைத் திருப்புகிற கம்பி, அந்த டை ராடு, எந்தப் பக்கம் ஆடுகிறது, எல்லாம் அந்த விரலுக்கு ஏறிவரும். வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டரில் கோளாறு படிக்கிற ஸ்கேனர் ஒன்றும் வாங்கிவைத்திருந்தேன். அது பெட்டியிலேயே கிடந்தது. விரல் இருக்கிறவனுக்கு ஸ்கேனர் எதற்கு?

அந்த ஆண்டு ஆயுத பூஜை முடிந்த மறுவாரம். பூஜையைக் கடையில் அமர்க்களமாகச் செய்வேன். என் கையாலேயே சந்தனம் குழைத்து, ஜாக்கி, ஸ்பேனர், கம்ப்ரஸர், மெஷின், ஒன்று விடாமல் பொட்டு வைப்பேன். வைத்த பொட்டு தானாக உதிர வேண்டும், யாரும் துடைக்கக் கூடாது என்பது என் கடைச் சட்டம்.

அப்போதுதான் சதுரங்கப்பட்டினத்திலிருந்து அந்த அம்மா வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், அறுபது இருக்கும். முஸ்லிம் குடும்பம், வீட்டுக்காரர் இறந்த பிறகு தையல் தொழிலைத் தனியாக நடத்துகிறார். மாமல்லபுரம் ஓட்டல்களுக்கு மேசை விரிப்பு, தலையணை உறை, பணியாளர் சீருடை எல்லாம் தைத்து, வெள்ளை நிறச் சின்னக் காரின் டிக்கியில் ஏற்றித் தானே ஓட்டிப்போய் இறக்குவார். ஐம்பத்தைந்து வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது, நானும் எல்லாவற்றையும் தாமதமாகக் கற்றவன்தான்.

கூட அவர் மகன். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, குடித்தனமும் அங்கேயே. பேச்சை ஆரம்பித்தது அவன்தான்.

"அங்கிள், ஸ்டியரிங் டைட்டா கீதுன்னு அம்மா சொல்லிக்கினே கீறாங்க. போன வருஷம் அவங்களுக்குத் தோள்பட்டை புடிச்சிக்கிச்சி. கைதான் இன்னும் சரியாவல. வண்டில ஒண்ணும் இல்லன்னு நீங்க சொல்ட்டீங்கன்னா போதும். ஞாயித்துக்கெழம ஆளு வராரு, வித்துடலாம்."

"கை நல்லாத்தான் கீது," என்றார் அந்த அம்மா. "காலைல எடுக்கசொல்ல மட்டும் ஸ்டியரிங் கல்லு மாரி கீதுண்ணே. ஸ்டியரிங் படம் போட்டு ஒரு மஞ்ச லைட்டு வேற எரியுது. கொஞ்ச தூரம் போனா அதுவா சரியாயிடுது."

"அதான் சொல்றேன்," என்றான் மகன். "தூங்கி எழுந்தா கை மரத்துப் போவுது. அப்புறம் சூடாயி சரியாயிடுது. கை சூடாவறத கார் சூடாவறதா நெனச்சிக்கினு கீறாங்க."

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. நான் ஏறி உட்கார்ந்து பரனூர் வரை ஒரு சுற்றுப் போனேன். ஸ்டியரிங் வெண்ணெய். நின்ற இடத்திலேயே ஒரு விரலால் முழுக்கத் திருப்பிக் காட்டினேன். மஞ்சள் விளக்கும் எரியவில்லை. வந்ததற்கு மெஷினில் ஏற்றினேன். முன் சக்கரம் இரண்டும் சிவப்பு. டை ராடைத் திருகிப் பச்சையாக்கினேன். நடுவில் மெஷின் இரண்டு முறை தட்டைக் காணவில்லை என்று கூவியது. தட்டைக் கொஞ்சம் அசைத்துவிட்டதும் அடங்கிவிட்டது.

"வண்டி அம்சமா கீது," என்றேன்.

"பாத்தியாம்மா?" என்றான் மகன்.

அந்த அம்மா வலது கையை விரித்து, மடக்கி, மறுபடி விரித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு சாவியை எடுத்து மகன் நீட்டிய கையில் வைக்காமல் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் என்னாண்டயே இருக்கட்டும்," என்றார்.

எனக்கு என்னவோபோல் இருந்தது, ஆனால் கொஞ்ச நேரம்தான். வரிசையில் நான்கு வண்டிகள் காத்திருந்தன.

சனிக்கிழமை போன் வந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த என் மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அவளுக்கு எதையும் ஊருக்குக் கேட்கிற மாதிரிப் பேசினால்தான் பேசின மாதிரி.

"அண்ணே, காலைல ஸ்டியரிங் அதே கல்லுதான். இப்ப புச்சா ஒண்ணு கீது. நேரா புடிச்சா வண்டி வலது பக்கம் போவுது. உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி இப்பிடி இல்ல. நாளைக்கு பத்து மணிக்கு ஆளு வந்துடுவாரு. ஒரே ஒரு தபா காலைல எங்க வூட்டாண்ட வந்து பாருங்க. அப்பவும் ஒண்ணும் இல்லன்னா என் கைதான்னு நானே ஒத்துக்கறேன், சாவியக் குடுத்துர்றேன்."

"ரோடு சாய்மானமா இருக்கும்மா," என்று நான் ஆரம்பித்தேன். மனைவி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வந்துட்றோம்மா," என்று சொல்லி வைத்துவிட்டு, என்னைப் பார்த்தாள். "காலைலதான் டைட்டுன்னு அவங்க சொல்றாங்க. நீ மத்தியானத்துல ஓட்டிப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்ற. பல்லு வலி ராத்திரில வருதுன்னா பகல்ல வாயப் பாத்துட்டு அனுப்புவியா?"

"என் வெரலு..."

"உன் வெரல மடக்கி வை. அந்த ஸ்கேனர் பொட்டிய எடுத்துக்கோ. வாங்கனதுக்கு ஒரு நாளாவது வெயில பாக்கட்டும்."

மறுநாள் ஸ்கேனர் பெட்டியும் டூல்ஸ் பையுமாக, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் சதுரங்கப்பட்டினம் போய் இறங்கினோம். அங்கே போய் மீன் வாங்காமல் வந்தால் என் மனைவிக்கு ஆகாது. நேரே கரைக்குப் போய், படகிலிருந்து இறங்கின வஞ்சிரத்தில் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, பையில் ஐஸ் போட்டுக்கொண்டுதான் அந்த அம்மா வீட்டுக்கே வந்தாள்.

வீடு கடலுக்கு மிக அருகில். கார் இரவெல்லாம் வெளியில்தான் நிற்கிறது. பானெட்டில் கை வைத்தேன், ஈரம் பிசுபிசுத்தது. நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும்.

"யாரும் தொட வேணாம், நான் ஏறறேன்," என்று சொல்லி ஸ்டார்ட் செய்தேன். ஸ்டியரிங்கில் விரலை வைத்தேன். அசையவில்லை. கையை வைத்தேன். முனகியது. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துத் திருப்பினேன். எதிரே மஞ்சள் விளக்கு என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. லாரி டயர் கழற்றிய கை இது. அந்தக் காலை நேரத்தில் எனக்கே வியர்த்துவிட்டது.

"எப்டிண்ணே?" என்றார் அந்த அம்மா ஜன்னல் பக்கம் குனிந்து. "உங்களுக்கும் தோள்பட்டை புடிச்சிக்கிச்சா?"

என் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

இதற்குப் பிறகு நான் செய்ததைக் கேளுங்கள், இதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. முதலில் டயரில் காற்றுப் பார்த்தேன், சரியாக இருந்தது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன். தடையில்லாமல் திரும்பியது. அப்படியென்றால் இரும்பில் எங்கேயும் இறுக்கம் இல்லை. பழைய வண்டிகளில் ஸ்டியரிங்கை எண்ணெய் தள்ளியது, இந்தக் காலத்து வண்டிகளில் மோட்டார் தள்ளுகிறது. மோட்டார் தள்ளவில்லையென்றால் அதற்குச் சாப்பாடு போகவில்லை என்று அர்த்தம்.

ஸ்கேனரை மாட்டினேன். இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி வந்தது. அந்த அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துச் சொன்னார்: "கரண்ட்டு கம்மின்னு போட்ருக்குது. ஒரு தபா இல்ல, நெறைய தபா." அன்றைக்குக் கடையில் இரண்டு நிமிடம் ஒதுக்கி மாட்டியிருந்தால் அன்றைக்கே இதே வரி வந்திருக்கும். என் மனைவி ஸ்கேனர் பெட்டிமேல் படிந்திருந்த தூசியை எனக்குத் தெரிகிற மாதிரித் தட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பேட்டரியில் மீட்டர் வைத்தேன், பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையைக் காரின் உடம்பிலும் வைத்துக்கொண்டு, அந்த அம்மாவை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னேன். பேட்டரிக்கும் உடம்புக்கும் நடுவே ஒன்றும் காட்டக் கூடாது. இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அங்கேதான் திருடன்.

பேட்டரிக்கு அடியில், எர்த் ஒயர் உடம்போடு சேர்கிற போல்ட்டைக் கழற்றினேன். பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்து, அப்பளம் மாதிரி உதிர்ந்தது. ராத்திரி கடல் காற்றில் அந்த உப்பு ஊறி உப்பி, ஒயரை இரும்போடு ஒட்டவிடாது, காலையில் கரண்ட் போக வழி இருக்காது. ஸ்டியரிங் மோட்டார் பெரிய தீனிக்காரன், அரை வயிற்றுக்கு வேலை செய்ய மாட்டான். கொஞ்ச தூரம் ஓடி இன்ஜின் சூடேறியதும் உப்பு காய்ந்து சுருங்கி வழி விடும். செங்கல்பட்டுக்கு வந்து சேருகிற வண்டியில் கோளாறே இருக்காது. உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, ஒயர் முனையைச் சுத்தம் செய்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன்.

"இப்ப திருப்புங்கம்மா."

அவர் வலது கையால் திருப்பினார். அந்தத் தோள்பட்டைக் கைதான். சக்கரம் சுழன்றது. மறுபடி திருப்பினார். விளக்கு அணைந்திருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, முந்தானையால் ஸ்டியரிங்கையே துடைத்தார்.

இங்கேயே முடிந்திருந்தால் நான் ராஜா. ஆனால் வலது பக்கம் போகிறது என்றாரே, அதையும் பார்த்துவிடலாம் என்று அவரைப் பக்கத்திலும் மனைவியைப் பின்னாலும் உட்காரவைத்து மாமல்லபுரம் பக்கமாக ஈசிஆர் கடற்கரைச் சாலையில் விட்டேன். சாலை நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஸ்டியரிங்கை நேராக வைத்தால் வண்டி வலது பக்கம், கடலைப் பார்த்துப் போகிறது. வண்டியை நேராக விட்டால் ஸ்டியரிங் இடது பக்கம் கோணி நிற்கிறது. இது நான் பச்சையாக்கிவிட்ட வண்டி.

"ஆயுத பூசையில இருந்தே எல்லாரும் இதத்தான் சொல்றாங்க," என்றாள் மனைவி பின்னாலிருந்து. "அன்னிக்கு ஒரு டாக்டரு வந்தாரு. அதுக்கு முன்னாடி கல்யாண மண்டபத்துக்காரரு. எல்லாருக்கும் ரோடு சாய்மானம் சாய்மானம்னு கத சொல்லி அனுப்புன. செங்கல்பட்டு ரோடு எல்லாம் ஒரே வாரத்துலயா சாஞ்சிடுச்சி?"

ஆயுத பூஜை என்று அவள் சொன்னதும் வண்டியை ஓரம் கட்டினேன். மெஷினுக்கு நான் எங்கே பொட்டு வைத்தேன்? தட்டுகளில் வைத்தேன். அதிலும் முன் சக்கரத் தட்டு இரண்டுக்கும், மெஷினுக்கு அதுதானே முகம் என்று, நல்ல பெரிய பொட்டு. சந்தனம் வழிந்து பக்கத்து வட்டங்களை மூடியிருந்தது எனக்கு இப்போது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. கேமரா எந்தப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போடுகிறதோ அதன்மேல் நான் சந்தனத்தை அப்பியிருக்கிறேன். மெஷின் கூவியபோது தட்டை அசைத்து அதன் வாயை அடைத்ததும் நானேதான்.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் மகன் நின்றிருந்தான். கூட அச்சரப்பாக்கத்திலிருந்து வந்த நெல் வியாபாரி, வண்டியை வாங்க வந்தவர். மகன் ஓடிவந்து கேட்டான், "இன்னா அங்கிள், அம்மா கையா, வண்டியா?"

ஸ்டியரிங் கனத்ததற்கு எர்த் ஒயர் என்று சொல்லி நான் நல்ல பேரோடு பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் அம்மா ஓட்டுவதை இவன் பார்ப்பான், ஸ்டியரிங் கோணி நிற்கும், அம்மா கைதான் இழுக்கிறது என்பான். சாவி இன்றே போய்விடும். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல டைட்டா இருந்தது எர்த் ஒயரு. அத சரி பண்ட்டேன்," என்றேன். "இப்ப கோணலா போவுதே, அது வண்டியும் இல்ல, உங்க அம்மா கையும் இல்ல. அது நான். என் மெஷின் தட்டுல பொட்டு வெச்சி நானே கெடுத்துட்டேன்."

நாற்பது ஆண்டில் ஒரு வாடிக்கையாளர் வாசலில் நின்று நான் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்வதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும், அது எனக்கு இருந்தது.

நெல் வியாபாரி விழுந்து விழுந்து சிரித்தார். "போன வருஷம் எங்க தராசுத் தட்டுல எங்க வூட்டம்மா ஒரு முழுத் தேங்காவ வெச்சி பூச பண்ணி, எடுக்க மறந்துட்டா, அண்ணாத்த. உங்களுது எவ்வளவோ பரவால்ல." பிறகு கேட்டார், "சரி பண்ணிட்டு வண்டியக் குடுப்பீங்களா?"

"விக்கல," என்றார் அந்த அம்மா.

மகன் தலையைச் சொறிந்தான். அம்மாமேல் பாசம் இல்லாதவன் இல்லை. லாரி ஓடுகிற சாலையில் தனியாகப் போகிறாரே என்ற பயம்தான். "ஒண்ணு பண்ணலாம்மா. செங்கல்பட்டு வரைக்கும் நீயே ஓட்டு. நான் பக்கத்துல குந்திக்கினு வரேன். ஒரு எடத்துல கை தடுமாறினாலும் சாவிய என்கிட்ட குடுத்துடணும்."

"ஏறு," என்றார்.

கோணலாகப் பிடித்தால் நேராகப் போகிற வண்டியை அந்த அம்மா ஓட்டி நான் அன்றுதான் பார்த்தேன். திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் ஆட்டுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்து வெளியே வந்தார். எதிரே வந்த மணல் லாரிக்கு அளவெடுத்து ஒதுங்கினார். மகன் கதவின் மேலே உள்ள பிடியை விடவே இல்லை. பின்னாலிருந்து என் மனைவி, "தம்பி, அத புடுங்கி எடுத்துடாத, அது எங்க கடைல கெடைக்காது," என்றாள்.

கடையில் இறங்கியதும் அவள் முதல் வேலையாகத் தட்டுகளை எடுத்து, சேலைத் தலைப்பால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "தானா உதிரணும்..." என்று நான் இழுத்தேன்.

"சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ புள்ளியப் பாரு."

மறுபடி மெஷினில் ஏற்றினோம். நான் பச்சையாக்கியது இரத்தச் சிவப்பாக நின்றது. டை ராடை அளந்து திருகி, ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்தி, நடு எது என்று ஸ்கேனர் வழியாக வண்டிக்கும் சொல்லிக்கொடுத்தேன். இதைச் சொல்லாவிட்டால் மோட்டார் பழைய நடுவையே பிடித்துக்கொண்டு இழுக்கும். இதை அந்த வட்டாரத்தில் ஒழுங்காகச் செய்கிறவன் அன்றிலிருந்து நான் ஒருவன்தான்.

சோதனைக்கு மூவரும் பைபாஸ் வரை போய்வந்தோம். ஸ்டியரிங் நேராக நின்றது, வண்டியும் நேராகப் போனது. திரும்பி வந்தபோது கடை வாசலில் இரண்டு லாரிகள் மறித்து நின்றிருந்தன, நடுவில் ஒரு காருக்கான சந்து. நானாக இருந்தாலும் இறங்கிப் பார்த்திருப்பேன். அந்த அம்மா வலது கையை மட்டும் ஸ்டியரிங்கில் வைத்து, திரும்பிப் பின்னால் பார்த்தபடி, ஒரே ரிவர்ஸில் உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். மகன் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தான்.

"சிறுசேரில எறக்கி வுட்றேன், வா," என்றார். சாவியைப் பற்றி இருவரும் பேசவே இல்லை. வண்டி திருப்போரூர்ச் சாலையைப் பார்த்துப் போய்விட்டது.

நான் பில் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, பூஜைக்குப் பிறகு அந்தத் தட்டுகளை மாட்டிப் பார்த்த பதினோரு வண்டிக்காரர்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டு, "ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறாவது போனில் என் மனைவி கத்தினாள்.

"ஐயோ, மீனு! மீனு டிக்கில போயிடுச்சி!"

அந்த அம்மாவுக்குப் போட்டோம். சிறுசேரி போய்ச் சேர்ந்திருந்தார். "பாத்துட்டேன்," என்றார் சிரித்துக்கொண்டே. "மருமவ வெட்டிக்கினு கீறா. நீங்க வேற எதையும் வாங்காதீங்க."

சாயங்காலம் அந்த வெள்ளைக் கார் கடை வாசலில் வந்து நின்றது. அந்த அம்மா தனியாகத்தான் வந்திருந்தார். பக்கத்து சீட்டில், எந்த முட்டும் கொடுக்காமல், ஒரு பெரிய தூக்குச் சட்டி. என் மனைவி மூடியைத் திறந்து விளிம்பைச் சுற்றிப் பார்த்தாள். வஞ்சிரக் குழம்பு விளிம்பு வரைக்கும் இருந்தது, சீட்டில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"அலைன்மென்ட் அப்பிடி," என்றேன் நான்.

"மூடி டைட்டு," என்றாள் மனைவி.

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வலது கையைத் தூக்கி, விரலில் மாட்டியிருந்த சாவியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இந்தக் கை," என்றார்.